நீலம் வந்தா என்ன அர்த்தம்? வீட்டு மலப் பரிசோதனையின் கதை

இன்னைக்கு எபிசோட் மலத்தைப் பத்தி. சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க கையைக் கழுவிட்டு வாங்க, நான் எங்கயும் போயிடல.

பெருங்குடல் புற்றுநோயை, உடம்புல ஒரு அறிகுறியும் தெரியறதுக்கு முன்னாடியே பிடிக்கறதுக்கு ஒரு சோதனை இருக்கு. வீட்லயே துளி மலத்தை எடுத்து ஒரு குழாய்ல போட்டுத் தபால்ல அனுப்பணும். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நெதர்லாந்துல எல்லாம் ஒரு வயசைத் தாண்டினா அரசாங்கமே அந்தப் பெட்டியை வீட்டுக்கு அனுப்பி வைக்குது. அதுக்குப் பின்னாடி இருக்கற யோசனை ரொம்ப எளிமை. பெருங்குடல் புற்று பெரும்பாலும் பாலிப்புங்கற சின்னச் சதை வளர்ச்சியில இருந்துதான் வருது. அது புற்றா மாற ஏறக்குறைய பத்து வருஷம் எடுத்துக்கும். அந்தக் காலத்துல அப்பப்போ கொஞ்சமா ரத்தம் கசியும், ஆனா கண்ணுக்குத் தெரியாது. அந்த ரத்தத்தைக் கண்டுபிடிச்சுட்டா, மீதியை குழாய்க் கேமராவான கொலனோஸ்கோப்பி பாத்துக்கும்.

இவ்வளவு எளிமையான ஒன்னு வீட்டு வாசலுக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏன்னுதான் பாக்கப் போறோம்.

கதை ஒரு மரத்துல தொடங்குது. கரீபியன் பக்கம் வளர்ற குவாயக்கம். தண்ணியில போட்டா மூழ்கிப் போற அளவுக்கு கனமான கட்டை. 16-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல சிபிலிஸ் பரவினப்போ (நம்ம ஊர்ல பரங்கிப்புண்ணுன்னு பேர் வச்ச அதே நோய்தான்) இந்தக் கட்டைக் கஷாயத்தைத்தான் மருந்துன்னு வித்தாங்க. உல்ரிக் ஃபான் ஹுட்டன்னு ஒரு ஜெர்மன் எழுத்தாளர், இது என்னைக் குணப்படுத்திடுச்சுன்னு 1519-ல புத்தகமே எழுதினாரு. 1523-ல அதே நோய்ல செத்துப் போனாரு. மருந்தா அது தேறல. ஆனா அந்த மரத்தோட பிசினுக்கு வேற ஒரு குணம் இருந்துச்சு.

1864-ல வான் டீன்ங்கற டச்சு மருத்துவர் அதை எழுதி வைக்கிறார். குவாயக்கப் பிசின்ல ரத்தமும் ஆக்சிஜன் கொடுக்கற ஒரு பொருளும் சேர்ந்தா நீலமாகுது. ரத்தத்துல இருக்கற ஹீம், ஒரு நொதி மாதிரி வேலை பாத்து பிசினை ஆக்சிஜனேற்றம் செய்யுது, அதான் காரணம். முதல்ல இதை ஆர்வமா பயன்படுத்தினது குற்றப் புலனாய்வுக்காரங்க. சட்டையில இருக்கற கறை ரத்தமா, துருவா? ஷெர்லாக் ஹோம்ஸ் அறிமுகமான 1887 நாவல்லயே அவர் இந்தச் சோதனையைத்தான் மட்டம் தட்டுவாரு. நம்ப முடியாத பழைய முறைன்னு. கோனன் டாயில் படிச்ச டாக்டர், சும்மா எழுதல. ஹோம்ஸ் சொன்ன குறை நூறு வருஷம் தாண்டியும் இந்தச் சோதனையை விடல, கொஞ்ச நேரத்துல வரும் பாருங்க.

1901-ல பெர்லின்ல இஸ்மார் போவாஸ், மலத்துல இருக்கற கண்ணுக்குத் தெரியாத ரத்தம் குடல், வயிறு நோய்களுக்கு அடையாளம்னு சொல்லி இந்தச் சோதனையை மருத்துவத்துக்குள்ள கொண்டு வர்றாரு. ‘மறைந்த ரத்தப்போக்கு’ங்கற கருத்தே அவர்கிட்ட இருந்து வந்ததுதான். ஜீரண உறுப்புகளுக்குன்னு தனி மருத்துவத் துறை உருவானதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. யூதர். 1938 மார்ச்ல நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள்ள நுழைஞ்சப்போ அவர் வியன்னாவுல இருந்தாரு. எண்பது வயசை நெருங்கிக்கிட்டு இருந்த அந்த மனுஷன் சில நாள்லயே தற்கொலை பண்ணிக்கிட்டாரு.

அதுக்கப்புறம் ரொம்ப காலம் இது ஆஸ்பத்திரிக்குள்ள இருந்த சோதனை. ஏற்கனவே நோயோட வந்தவங்களுக்குப் பண்றது. நல்லா இருக்கறவங்களுக்குப் பண்ணலாம்னு யோசிச்சது அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ்ல இருந்த டேவிட் கிரீகர்ங்கற டாக்டர். 1967-ல அவரோட கட்டுரை அமெரிக்க மருத்துவ சங்க இதழ்ல வருது. குவாயக்கம் தடவின ஒரு அட்டை. நோயாளி அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாரு. மூணு நாள், ஒவ்வொரு நாளும் குச்சியால கொஞ்சம் மலத்தை எடுத்து அட்டையில தடவி, மூடி, டாக்டருக்கு அனுப்பணும். டாக்டர் பின்பக்கம் ரெண்டு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவாரு. நீலம் வந்தா பாசிட்டிவ்.

என் தொழில் கண்ணோட பாத்தா, கிரீகர் வேதியியல்ல புதுசா ஒன்னும் கண்டுபிடிக்கல. பேக்எண்ட் வான் டீன் காலத்துதுதான். அவர் மாத்தினது இன்டர்ஃபேஸை. மருத்துவமனையில இருந்த சோதனையைக் கழிவறைக்குக் கொண்டு போனாரு. அறுபத்தாறு வருஷமா யாருக்கும் தோணாதது அதுதான். எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச ஆள் இவர்.

இப்போ ஹோம்ஸ் சொன்ன குறை. குவாயக்கத்துக்கு மனுஷ ரத்தம், ஆட்டு ரத்தம் வித்தியாசம் தெரியாது. முந்தின நாள் மட்டன் சாப்பிட்டிருந்தா நீலம் வரலாம். ரத்தமே இல்லாம முள்ளங்கி, காலிஃபிளவர்ல இருக்கற நொதிகளும் நீலத்தைக் கொண்டு வரலாம். வைட்டமின் சி நிறைய எடுத்திருந்தா உள்ளதையும் மறைச்சுடும். அதனால சோதனைக்கு முன்னாடி சில நாள் கறி கிடையாது, முள்ளங்கி சாம்பார் கிடையாது, சாத்துக்குடி ஜூஸ் கிடையாது. சும்மா நல்லா இருக்கற மனுஷனை இத்தனை பத்தியம் இருந்து, அப்புறம் மலத்தைத் தடவி அனுப்புன்னு சொன்னா எத்தனை பேர் செய்வாங்க?

செஞ்சாங்க. 1975-ல மினசோட்டாவுல ஒரு ஆய்வு தொடங்குச்சு. 50-ல இருந்து 80 வயசுக்குள்ள 46,551 பேர். ஒரு குழுவுக்கு வருஷா வருஷம் அட்டை, இன்னொன்னுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மூணாவதுக்கு எதுவும் இல்ல. 1993-ல முடிவு வெளியாச்சு. 13 வருஷத்துல, அட்டை வராத குழுவுல 1000 பேருக்கு 8.83 பேர் பெருங்குடல் புற்றால இறந்திருந்தாங்க. வருஷா வருஷம் செஞ்ச குழுவுல 5.88. அதாவது 33 சதவீதம் குறைவு.

இந்த எண்ணை ரெண்டு விதமா படிக்கலாம். ‘மூணுல ஒரு சாவைத் தடுத்துச்சு’ன்னா பிரமாதமா இருக்கு. ‘13 வருஷம், 1000 பேர், மூணு பேர்’னா அடக்கமா இருக்கு. ரெண்டும் அதே உண்மைதான். இன்னொன்னும் இருக்கு. அந்த ஆய்வுல நிறைய அட்டைகளை ஒரு சொட்டுத் தண்ணி விட்டு ஈரமாக்கிச் சோதிச்சாங்க. அதனால பாசிட்டிவ் 2.4 சதவீதத்துல இருந்து 9.8 சதவீதமா ஏறிடுச்சு. விளைவா கொலனோஸ்கோப்பி ஏராளமான பேருக்கு நடந்துச்சு. காப்பாத்தினது அட்டையா, இல்ல அட்டை சாக்குல நடந்த கொலனோஸ்கோப்பியான்னு அப்போ பெரிய சண்டையே நடந்தது. மூணு வருஷம் கழிச்சு, 1996-ல, இங்கிலாந்தோட நாட்டிங்ஹாம் ஆய்வும் டென்மார்க்கோட ஃபியூனன் ஆய்வும் ஈரமாக்காத அட்டையோட, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை செஞ்சு, 15, 18 சதவீதம் குறைவுன்னு காட்டினதும் சண்டை அடங்குச்சு. சின்ன பலன்தான், ஆனா நிஜம்.

பத்தியத்தை ஒழிச்சது அடுத்த தலைமுறை, அதாவது எஃப்.ஐ.டி. இதுல பிசின் கிடையாது. மனுஷ ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கற எதிர்ப்புப் புரதம் இருக்கு. மட்டனுக்கும் முள்ளங்கிக்கும் அது அசையாது. ஜப்பான் 1992-லயே நாடு முழுக்க இதைக் கொண்டு வந்துடுச்சு. இங்கிலாந்து 2006-ல குவாயக்க அட்டையோட தொடங்கி 2019-லதான் இதுக்கு மாறுச்சு. ஒரே ஒரு மாதிரி போதும். வரி வரியா பள்ளம் வெட்டின குச்சியால மலத்தைச் சுரண்டி, திரவம் இருக்கற குழாய்க்குள்ள சொருகி மூடினா வேலை முடிஞ்சது.

எஃப்.ஐ.டி இன்னொன்னையும் மாத்துச்சு. குவாயக்கத்துல நீலம் வரும் இல்லன்னா வராது. இதுல எண் வரும். ஒரு கிராம் மலத்துல இத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின்னு. அப்போ எத்தனைக்கு மேல போனா பாசிட்டிவ்? எவ்வளவு தேடியும் இதுக்கு உயிரியல்ல ஒரே பதில் கிடைக்காது. இங்கிலாந்து 2019-ல 120-ன்னு வச்சுது, பக்கத்துல இருக்கற ஸ்காட்லாந்து 80-ன்னு வச்சுது. எல்லைக்கு அந்தப் பக்கம் குடல் மாறிடுமா என்ன? கொலனோஸ்கோப்பி பண்ண எத்தனை டாக்டர், எத்தனை மேசை இருக்குங்கறதை வச்சுத்தான் அந்த எண். நெதர்லாந்து 2014 ஆரம்பத்துல 15-ன்னு வச்சுத் தொடங்குச்சு. எதிர்பார்த்ததை விட பாசிட்டிவ் குவிஞ்சு, கொலனோஸ்கோப்பி வரிசை நீண்டு, அந்த வருஷ நடுவுலயே 47-க்கு ஏத்திட்டாங்க. சர்வர் தாங்கலைன்னா ரேட் லிமிட்டை மாத்துவோம்ல, அதே கதை. ஒரு வித்தியாசம், இங்க 20 எடுத்தவருக்கு நேத்து பாசிட்டிவ், இன்னைக்கு நெகட்டிவ்.

சூட்டையும் சொல்லணும். ஹீமோகுளோபின் வெயில்ல சிதைஞ்சு போகும். இத்தாலியில ஃபுளோரன்ஸ் பகுதியில பாத்தப்போ கோடைக் காலத்துல பாசிட்டிவ் குறைஞ்சிருந்துச்சு. மக்கள் குணமாகல, ரத்தம் தபால்ல கெட்டுப் போச்சு. ஆஸ்திரேலியாவுல வெயில் அதிகமான பகுதிகளுக்கு கோடை மாசங்கள்ல பெட்டியே அனுப்ப மாட்டாங்க. அக்னி நட்சத்திரத்துல சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டு தபால் பெட்டிக்குள்ள எவ்வளவு சூடு இருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

இப்போ ஊருக்கு வந்துடுவோம். சிங்கப்பூர்ல எங்க சித்தப்பா இருக்காரு. 50 தாண்டினவங்களுக்கு அங்க புற்றுநோய்ச் சங்கம் இந்தப் பெட்டியை இலவசமா குடுக்குது. ரெண்டு நாள், ரெண்டு குழாய். முடிச்சுட்டு போன் பண்ணாரு. “தம்பி, அடுத்த மாசம் வர்றேன். உங்க அப்பா அம்மாவுக்கும் ரெண்டு செட் வாங்கிட்டு வரவா?”

இந்த எபிசோடே அந்தக் கேள்வியிலதான் பிறந்தது. இங்க ஏன் இது வரல? ‘நம்ம ஜனங்க மலத்தை எடுத்துக் குடுக்க மாட்டாங்க’ன்னு உடனே ஒரு பதில் வரும். அது தப்பு. எங்க பாட்டி தலைமுறை தீப்பெட்டியில வச்சு ‘மோஷன் டெஸ்ட்’டுக்குக் கொண்டு போனவங்க. அதுக்கும் முன்னாடி, 1916-ல இலங்கை மாத்தளையில ராக்பெல்லர் அறக்கட்டளைக்காரங்க கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினப்போ, தோட்டத்துல இருந்த தமிழ்த் தொழிலாளிங்ககிட்டதான் மலத்தை வாங்கி மைக்ரோஸ்கோப்ல முட்டை தேடினாங்க. மருந்து குடுத்தாங்க, உண்மைதான். ஆனா துரைமாருக்கு அதுல இருந்த அக்கறை, சோகை பிடிச்ச ஆள் கொழுந்து பறிக்க மாட்டான்ங்கறதுதான். இந்தக் காலத்துல வேலூர் சி.எம்.சி. நடத்தின டிவார்ம்3 ஆய்வுக்கு திமிரியிலயும் ஜவ்வாது மலையிலயும் ஜனங்க மல மாதிரி குடுத்திருக்காங்க. நாம குடுப்போம். எதுக்குன்னு புரியற மாதிரி சொல்லிக் கேட்டா போதும்.

கொக்கிப்புழு நம்ம கதைக்கு இன்னொரு விதத்துலயும் முக்கியம். அது சிறுகுடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும். நம்ம பக்கம் அதிகமா இருக்கற வகை, ஒரு புழுவுக்கு நாளைக்கு ஏறக்குறைய 0.03 மில்லி. நூறு புழு இருந்தா கணக்குப் போட்டுக்கோங்க. குவாயக்க அட்டையை கரும்புக் கொல்லையில வெறும் காலோட நிக்கற ஊர்ல குடுத்தா, புற்றைத் தேடிப் போய் புழுவைப் பிடிச்சுட்டு வரும். எஃப்.ஐ.டி-யில இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. மேல்குடல்ல கசியற ரத்தத்தோட புரதம் கீழ வர்றதுக்குள்ள பெரும்பாலும் செரிச்சுப் போயிடும்.

ஆனா பெரிய காரணம் கணக்கு. இந்தியாவுல வருஷத்துக்கு சுமார் 70 ஆயிரம் பேருக்கு இந்தப் புற்று வருது. கேக்கப் பெருசா இருந்தாலும், வயசு வித்தியாசத்தைச் சரி பண்ணிப் பாத்தா லட்சத்துக்கு 5 பேர் அளவுதான். ஜப்பான், ஆஸ்திரேலியாவுல 30-க்கு மேல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த 2014 அலசல் ஒன்னு, எஃப்.ஐ.டி 100 புற்றுல 79-ஐப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேர்ல 6 பேரைத் தப்பா பயமுறுத்தும்னு சொல்லுது. இப்போ ஒரு கற்பனை ஊர், 10,000 பேர். அதுல 50 பேருக்குப் புற்று இருந்தா, சோதனை 40 பேரைப் பிடிக்கும், கூடவே சுமார் 600 பேரை வீணா கூப்பிடும். அதே ஊர்ல 5 பேருக்குத்தான் புற்றுன்னா? நாலு பேரைப் பிடிக்கும். வீணா கூப்பிடறது அப்பவும் 600 பேர். அந்த 600 பேருக்கும் பேதி மருந்து குடுத்து, கொலனோஸ்கோப்பி பண்ணி, நாலு பேரைக் கண்டுபிடிக்கணும். அந்த மேசையில அன்னைக்கு நிஜமாவே ரத்தம் கொட்டிக்கிட்டு ஒருத்தர் காத்திருப்பாரு.

அதனாலதான் 2016-ல மத்திய அரசு 30 வயசு தாண்டினவங்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை வழிகாட்டி வெளியிட்டப்போ வாய், மார்பகம், கருப்பை வாய்னு மூணோட நிறுத்துச்சு. 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசல்ல பிரஷரும் சுகரும் பாக்குது, மலக் குழாய் நீட்டறது இல்ல. என் பார்வையில இது அலட்சியம் இல்ல, சரியான வரிசை.

மலிவான சோதனையில நாம யாருக்கும் இளைச்சவங்களும் இல்ல. திண்டுக்கல் மாவட்டத்துல 2000-ல தொடங்கின ஒரு ஆய்வுல, பயிற்சி குடுத்த நர்ஸுங்க கருப்பை வாயில வினிகர் மாதிரியான நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு வருதான்னு பாத்தாங்க. அந்தப் புற்றால வர்ற சாவு 35 சதவீதம் குறைஞ்சதுன்னு 2007-ல ‘லான்செட்’ல வந்துச்சு. உலகமே திரும்பிப் பாத்த வேலை. அதை நடத்தினவங்கள்ல முக்கியமானவர் ரெங்கசாமி சங்கரநாராயணன். அவரோட குழு 2011-ல தாய்லாந்து லம்பாங் மாநிலத்துல எஃப்.ஐ.டி முன்னோட்டத்துக்கும் துணை நின்னுச்சு. கூப்பிட்டவங்கள்ல சுமார் 63 சதவீதம் பேர் குழாயைத் திருப்பிக் குடுத்தாங்க. பெண்கள் அதிகம், ஆண்கள் கம்மி. இந்தப் புற்று கூடிக்கிட்டே போனா, நமக்கும் ஒரு நாள் லம்பாங் மாதிரி ஒன்னு தேவைப்படும். நம்ம கிராம செவிலியர்களால அது முடியும்ங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

அதுவரைக்கும் இங்க உயிர் போறது வேற இடத்துல. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் சுவர்ல ஒரு விளம்பரம் இருக்கும்: ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’. மலத்துல ரத்தம்னா நமக்கு மூலம். இல்லன்னா சூடு. கருணைக்கிழங்கு, துத்தி இலை, பிரண்டைத் துவையல். அடங்கலைன்னா அந்த விளம்பரத்துல இருக்கற நம்பர். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்க உலகம் நூறு வருஷம் உழைச்சிருக்கு. நாம கண்ணுக்குத் தெரியற ரத்தத்தை மாசக்கணக்கா மோர் குடிச்சுக்கிட்டுப் பாக்குறோம்.

எங்க அப்பாவுக்கு 58 வயசு. நெய்வேலி சுரங்கத்துல ஒப்பந்த வேலை, ஷிப்ட் மாறி மாறி. சித்தப்பா போன் பண்ணின அன்னைக்குத்தான் அம்மா பின்னாடி இருந்து சொன்னாங்க, “அவருக்கு மூணு மாசமா ரத்தம் போவுது, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு.” அப்பா பேப்பரை விட்டுத் தலையை எடுக்காம, “சூடுடா. மிஷின் பக்கத்துல நிக்கிறோம்ல” அப்படின்னாரு.

அவருக்கு இந்தப் பெட்டி உதவாது. பெட்டி, அறிகுறி இல்லாதவங்களுக்கானது. பிரிட்டன்ல 2022-க்கு அப்புறம் அறிகுறி உள்ளவங்களுக்கும், யாரை முதல்ல பாக்கணும்னு பிரிக்க எஃப்.ஐ.டி பயன்படுத்தறாங்க, அதுவும் 10-ங்கற ரொம்பக் குறைஞ்ச எல்லையில, டாக்டர் மேற்பார்வையில. வீட்ல நாமளா செஞ்சு ‘நெகட்டிவ், சூடுதான்’னு முடிவு பண்றது வேற. அப்பாவை சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். முதல் நாள் ராத்திரி பேதி மருந்துத் தண்ணியை லிட்டர் கணக்குல குடிக்கணும், அதுதான் அவருக்குப் பெரிய கொடுமை. மறுநாள் பாத்ததுல மூலம் இருந்துச்சு. அதுக்கு மேல ஒரு பாலிப்பும் இருந்துச்சு. அப்பவே வெட்டி எடுத்துட்டாங்க, பயாப்ஸியில புற்று இல்ல. மூலம் இருக்கறவருக்கு வேற எதுவும் இருக்காதுன்னு விதி கிடையாது.

சித்தப்பாவுக்கு என் பதில் இது. வாங்கிட்டு வராதீங்க. அந்தக் குழாயை அங்க இருக்கற லேப்தான் படிக்கும், இங்க அது வெறும் பிளாஸ்டிக். அம்மாவுக்கு 54, எந்தத் தொந்தரவும் இல்ல. வேணும்னா இங்கயே பெரிய லேப்ல பண்ணலாம். குவாயக்கமா எஃப்.ஐ.டி-யான்னு கேட்டுக்கணும், மாதிரியை வெயில்ல வைக்காம அன்னைக்கே குடுத்துடணும். இந்தியன் டாய்லெட்டா இருந்தா முதல்ல ஒரு பேப்பரை விரிச்சுக்கணும், தண்ணி படறதுக்கு முன்னாடி எடுத்துடணும். ஆனா குச்சியைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே ஒன்னு முடிவாகியிருக்கணும்: பாசிட்டிவ் வந்தா கொலனோஸ்கோப்பிக்குப் போவோமா? போக மாட்டோம்னா சோதனையே வேண்டாம். கூடப் பிறந்தவங்க, பெத்தவங்க யாருக்காவது இந்தப் புற்று இருந்திருந்தா, பெட்டியைத் தாண்டி நேரா டாக்டர்கிட்ட பேசணும். அம்மா இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காங்க. பேதி மருந்து குடிச்சுட்டு அப்பா பட்ட பாட்டைப் பாத்ததுல கொஞ்சம் பயந்திருக்காங்கன்னு நினைக்கிறேன்.

நம்ம நாட்டுல இந்தப் புற்று ஏன் கம்மிங்கற கேள்வியை இன்னைக்குத் தொடவே இல்ல. அதை முதல்ல துரத்தினவங்கள்ல ஒருத்தர் மல்ஹோத்ரான்னு ஒரு ரயில்வே டாக்டர். இந்தியாவுல வயிறு, குடல் புற்றுகள் எந்தப் பகுதியில எவ்வளவுன்னு 1967-ல ‘கட்’ இதழ்ல எழுதினாரு. அடுத்த எபிசோட் அவரைப் பத்தி. அதைச் சாப்பிட்டுக்கிட்டே கேக்கலாம்.